அச்சகம் மூடிய நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அனிமேஷன் படிக்கும் மாணவன். என் தாத்தா அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். அவரைப் பேசவைத்து ஐந்து மணிநேரம் பதிவு செய்திருக்கிறேன். அதிலிருந்து ஒரு குறும்படம் எடுக்க ஆசை. களிமண் பொம்மைகளா, கையால் வரைவதா? எவ்வளவு நீளம் இருக்கலாம்? தாத்தாவின் குரல் இடையிடையே உடைகிறது, இருமல் வேறு. குரல் கலைஞர் ஒருவரைப் பேசவைக்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். சில தகவல் பிழைகளும் இருக்கின்றன. அச்சகத்தை மூடிய அன்றுதான் என் அம்மா பிறந்தார் என்கிறார். உண்மையில் அம்மாவுக்கு நான்கு வயதானபோதுதான் அச்சகம் மூடியது. இதையெல்லாம் படத்தில் சரிசெய்துவிடுவேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச,

ஒரு வயோதிகரின் எதிரில் ஐந்து மணிநேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்காகவே உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

நீளத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். அமெரிக்காவில் 2003இல் டேவ் ஐசே தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் என்ற அமைப்பு, ஒருவரையொருவர் அறிந்த இரண்டு சாதாரண மனிதர்களை 40 நிமிடம் பேசவிட்டுப் பதிவுசெய்கிறது. 2010 முதல் அந்தப் பதிவுகளிலிருந்து அனிமேஷன் படங்கள் வருகின்றன. சில நிமிடங்களில் முடிந்துவிடுபவை. திரையில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள், ஓடும். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் மூன்று நிமிடத்துக்கு 2,160 படங்கள் வரைய வேண்டும். எங்கே நிறுத்துவது என்று உங்கள் கையே சொல்லிவிடும்.

குரல் கலைஞர் வேண்டவே வேண்டாம். அனிமேஷன் படமெடுத்த தம்பதி ஜான் ஹப்ளியும் ஃபெய்த் ஹப்ளியும் தங்கள் இரண்டு மகன்கள் விளையாடும்போது பேசிக்கொண்டதைப் பதிவுசெய்து, அந்தப் பேச்சின் மேல் ஒரு படம் வரைந்தார்கள். 1959இல் வந்த அது ஆஸ்கர் வாங்கியது. தேர்ந்த நடிகரை வைத்து அதே வரிகளைத் திரும்பப் பேசவைத்திருந்தால் அந்தப் படமே இருந்திருக்காது. இருமலோடு விடுங்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் அல்ல. ‘சரிசெய்துவிடுவேன்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்காக. கொஞ்ச நாளாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் அது. படித்ததும் கோபம் வந்தது. யாருடைய நாளை யார் சரிசெய்வது?

இத்தாலியில் டெர்னி என்றொரு உருக்காலை நகரம். நேட்டோ ராணுவக் கூட்டணியில் இத்தாலி சேர்வதை எதிர்த்து 1949 மார்ச் 17 அன்று தொழிலாளர்கள் வீதிக்கு வந்தபோது, லூயிஜி த்ரஸ்துல்லி என்ற 21 வயது இளைஞர் போலீசாரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து, மக்கள் வாயால் சொல்லும் நினைவுகளிலிருந்து வரலாறு எழுதும் ஆய்வாளர் அலெஸாந்த்ரோ போர்தெல்லி அந்த ஊர்த் தொழிலாளர்களிடம் பேசிப் பதிவுசெய்கிறார். பலர் அந்தச் சாவை 1953இல் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஆலையில் பெரும் ஆட்குறைப்பு நடந்து, அதை எதிர்த்து ஊரே தெருவில் நின்ற வருடம் அது. போர்தெல்லி அவர்களைத் திருத்திவிட்டு நகர்ந்திருக்கலாம். ஏன் இத்தனை பேரும் ஒரே மாதிரி தவறுகிறார்கள் என்று கேட்டார். தோழன் செத்தபோது பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போன அவமானத்தை அவர்களால் சுமக்க முடியவில்லை. வேலைக்காகத் தாங்கள் போராடிய நாளோடு அந்தச் சாவைச் சேர்த்துக்கொண்டார்கள். வாய்மொழி வரலாற்றைப் பற்றி யோசிப்பவர்கள் இன்றும் திரும்பிப் போகிற இடம் அது. ஆவணத்தை மட்டும் பார்த்தவருக்கு ஒரு தேதிதான் கிடைத்திருக்கும்.

என் அத்தை ஒரு கதை சொல்வாள். தன் அம்மா இறந்த அன்று மாலையே தன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று. புத்தகப்பையை ஆணியில் மாட்டியதைச் சொல்லும்போது அவள் கை தானாக மேலே போகும். ஒருநாள் எல்லோரும் கூடியிருந்தபோது, உறவினர் ஒருவர் பள்ளிச் சான்றிதழை எடுத்துவந்து காட்டினார். அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்துத்தான் படிப்பு நின்றிருக்கிறது. அத்தை தாளை வாங்கிப் பார்த்தாள். “அப்படியா” என்றாள். பிறகு அவள் அந்தக் கதையை யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. நானே கேட்டும் சொல்லவில்லை. “எனக்கென்னடா தெரியும், எல்லாம் தாளில் இருக்கிறதே” என்பாள். அந்த இரண்டு வருடமும் அவள் எப்படிப் பள்ளிக்குப் போய்வந்தாள், யார் தலைவாரிவிட்டது, எதுவும் இனி தெரியாது. சான்றிதழ் சரிதான். அதை நீட்டிய கையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீங்களும் ஒரு சான்றிதழோடுதான் நிற்கிறீர்கள், ச.

அச்சகம் மூடிய அன்று உங்கள் அம்மாவுக்கு நான்கு வயது. வேலை போய்ப் பகலிலேயே வீடு திரும்பியவர், அன்றுதான் அந்தக் குழந்தையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாரோ என்னவோ. இது என் ஊகம்தான். நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை, அவர் இருக்கிறார். போய்க் கேளுங்கள். “தாத்தா, அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் என்ன பார்த்தீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். வருடக் கணக்கை வாயில் எடுக்காதீர்கள்.

அவர் சொல்வதை அப்படியே வரையுங்கள். கேமரா, எதிரில் இருப்பதைத்தான் எடுக்கும். உங்கள் தாளில் ஈய எழுத்துப் பெட்டியும் தொட்டிலும் ஒரே அறையில் இருக்கலாம். அதை ஆவணக் காட்சி என்று நம்பி யாரும் ஏமாற மாட்டார்கள், ஒரு கை வரைந்தது என்று கோட்டிலேயே தெரிகிறது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. “மழை பெய்ததா, நினைவில்லை” என்று குரல் சொல்லும்போது நீங்கள் மழையை வரைந்தால் தீர்ப்பெழுதிவிட்டீர்கள். சன்னலை வெறுமையாக விடுங்கள், அல்லது மழையை வரைந்து பார்ப்பவர் கண்ணெதிரே அழியுங்கள். அதனால்தான் களிமண் வேண்டாம், கையால் வரையுங்கள் என்கிறேன்.

ஐந்து மணிநேரத்தையும் வெட்டாமல், சுருக்காமல் இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். அம்மா பிறந்த வருடத்தையும் அச்சகம் மூடிய வருடத்தையும் அந்தப் பதிவோடு ஒரு குறிப்பாக எழுதிவையுங்கள். ஆராய வருபவருக்கு அது போதும். படம் முடிந்ததும் முதலில் தாத்தா பார்க்கட்டும். அவர் நீக்கச் சொன்னால் வாதாடாமல் நீக்குங்கள்.

உங்கள் அம்மாவையும் உட்காரவைத்துப் பதிவுசெய்யுங்கள். தான் பிறந்த நாளைப் பற்றி அவர் என்ன கேட்டு வளர்ந்தார் என்று தெரியாமல் முதல் கோட்டைப் போடாதீர்கள்.

அன்புடன்.