ரீபவுண்ட் யாருடைய கணக்கு?

சார், வணக்கம்.

கூடைப்பந்து பற்றிய உங்கள் போன கட்டுரையில் "ரீபவுண்ட் எண்ணிக்கையை வைத்து ஆளை எடைபோடாதீர்கள்" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கும் என் நண்பனுக்கும் ஓயாத வாக்குவாதம். பாயிண்ட் எண்ணுகிறோம், அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடை போட உதவும் பாஸ்) எண்ணுகிறோம், ரீபவுண்டை, அதாவது தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பதை, மட்டும் ஏன் எண்ணக் கூடாது? பந்து கைக்கு வராமல் யாரும் ஜெயிக்க முடியாதே. டென்னிஸ் ராட்மன் ஆட்டத்துக்கு ஏழு பாயிண்ட் சொச்சம்தான் எடுத்தார். ரீபவுண்டுக்காகத்தானே அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்? சேம்பர்லெய்ன் ஒரே ஆட்டத்தில் 55 ரீபவுண்ட் பிடித்தாரே, அது சாதனை இல்லையா? வெஸ்ட்புரூக் ஒரு சீசன் முழுக்க ட்ரிபிள் டபுள் (பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் பத்தோ அதற்கு மேலோ) சராசரி வைத்தாரே?

என் நண்பன் உங்கள் கட்சி. கெவின் லவ் 2010-11 சீசனில் ஆட்டத்துக்கு 15.2 ரீபவுண்ட் எடுத்தும் மினசோட்டா 17 ஆட்டங்களில்தான் ஜெயித்தது, ஆகவே ரீபவுண்ட் எல்லாம் வெற்று எண் என்கிறான். யார் சொல்வது சரி?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பரை என் கட்சியில் சேர்த்துவிட்டீர்கள். எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. உங்களோடும் பாதிதான்.

ரீபவுண்ட் முக்கியமா என்றால், முக்கியம்தான். கூடைப்பந்துப் புள்ளியியலில் முன்னோடியான டீன் ஆலிவர், வெற்றியைத் தீர்மானிக்கும் விஷயங்களை நான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தோராயமாக ஒரு எடை கொடுத்தார். ஷூட்டிங் 40 சதவீதம், பந்தைப் பறிகொடுக்காமல் ஆடுவது 25, ரீபவுண்ட் 20, ஃப்ரீ த்ரோ 15. ஐந்தில் ஒரு பங்கு என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த 20 அணியின் ரீபவுண்டுக்கு உரியது. அதைப் பிரித்து இன்னாருக்கு இத்தனை என்று ஆளாளுக்கு எழுதும்போதுதான் கோளாறு ஆரம்பிக்கிறது.

ஃப்ரீ த்ரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி ஃப்ரீ த்ரோ தவறினால் ரீபவுண்டுக்கு இரு தரப்பும் வரிசையாக நிற்கிறார்கள். கூடைக்கு மிக அருகில் இருக்கும் இரண்டு இடங்களும் விதிப்படி தடுக்கும் அணிக்கு. அதனால் பெரும்பாலும் பந்து அவர்கள் கையில் வந்து விழும். அதில் ஒருவர் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறார், அவர் பெயரில் ஒரு ரீபவுண்ட். இன்னொரு பக்கம், மூன்று பேர் இடித்துத் தள்ளும் இடத்தில் எம்பிப் பந்தைப் பிடுங்கி வருகிறவருக்கும் அதே ஒன்றுதான். எண்ணிக்கைத் தாளுக்கு இரண்டும் ஒன்றே.

அதனால் ஒவ்வொரு ரீபவுண்டையும் பார்த்து நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இவர் பிடித்திருக்காவிட்டால் இந்தப் பந்து யாரிடம் போயிருக்கும்? பக்கத்தில் நின்ற சக ஆட்டக்காரரிடம் என்றால், பிடித்தவர் கணக்கில் ஒன்று ஏறியது, அணிக்குப் புதிதாக எதுவும் சேரவில்லை. எதிரணியிடம் என்றால் அது நிஜமான ரீபவுண்ட்.

இதைக் கொஞ்சம் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் தவறிய ஷாட்டுகளில் தோராயமாக நான்கில் மூன்று தடுக்கும் அணிக்கே போகின்றன, ஒன்றுதான் ஷூட் செய்த அணிக்குத் திரும்பி வருகிறது. ஆக, டிஃபென்ஸ் ரீபவுண்ட் பிடிப்பவர் ஏற்கெனவே முக்கால்வாசி தம் அணிக்குச் சொந்தமாக இருந்த ஒன்றை முழுசாக்குகிறார், அவர் சேர்த்தது கால் பங்கு. ஆஃபென்ஸ் ரீபவுண்ட் பிடிப்பவர் கால்வாசி வாய்ப்பை முழுசாக்குகிறார், சேர்த்தது முக்கால் பங்கு. ஒன்றுக்கு மூன்று மடங்கு. என்.பி.ஏ. 1973-74 சீசனிலிருந்துதான் இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வைக்கத் தொடங்கியது. ஐம்பது வருஷமாகத் தனித்தனி எண் கையில் இருந்தும், டிவியில் இன்னமும் இரண்டையும் கூட்டி "12 ரீபவுண்ட்" என்று போடுகிறார்கள். ஏனென்றுதான் எனக்குப் புரியவில்லை.

ஒரு ரீபவுண்ட் எவ்வளவு பெரியதாக இருக்க முடியும் என்பதற்கு உதாரணம், என்.பி.ஏ. இறுதித் தொடரான ஃபைனல்ஸில் 2013-ன் ஆறாவது ஆட்டம். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் ஏற்கெனவே மூன்று ஆட்டம் ஜெயித்திருக்கிறது, இதையும் ஜெயித்தால் கோப்பை. 95-92 என்று முன்னிலை, கடைசி நொடிகள். சமன் செய்ய எதிரணியான மயாமிக்குத் தேவை ஒரு மூன்று பாயிண்ட் ஷாட். ஸ்பர்ஸ் பயிற்சியாளர் பாப்போவிச், வெளிவட்டத்தைக் காக்க வேகமான ஆட்கள் வேண்டும் என்று அணியின் உயரமான ஆட்டக்காரர் டிம் டங்கனை வெளியே உட்கார வைத்திருந்தார். மயாமியின் லெப்ரான் அடித்தது தவறியது. கூடையடியில் அவருடைய சக ஆட்டக்காரர் கிரிஸ் பாஷ் எம்பிப் பந்தைப் பிடித்தார். பிடித்த கையோடு, வலது மூலைக்குப் பின்வாங்கிக்கொண்டிருந்த ரே ஆலனுக்குத் தள்ளினார். 5.2 நொடி மிச்சமிருக்க ஆலன் மூன்று பாயிண்ட் அடித்து சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் மயாமி 103-100 என ஜெயித்தது, அடுத்த ஆட்டத்தில் கோப்பையும் எடுத்தது. அன்று பாஷ் பெயரில் மொத்தம் 11 ரீபவுண்ட். அந்த ஒன்றும் மற்ற பத்தோடு சேர்ந்து பதினொன்று, அவ்வளவுதான்.

டங்கன் உள்ளே இருந்திருந்தால்? அவரே பந்தைப் பிடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. முதுகைக் கொடுத்து பாஷைக் கூடையடியிலிருந்து ஒதுக்கி நிறுத்தியிருந்தால் போதும். பாக்ஸ் அவுட் என்கிறோமே, அது. ஷாட் காற்றில் இருக்கும்போதே எதிராளியைத் தேடிப் போய், இடுப்பால் இடம் பிடித்து, அவர் எம்ப முடியாமல் நிற்பது. இதைச் செய்கிறவர் பல நேரம் பந்தைத் தொடுவதே இல்லை. இடத்தை அவர் காலி செய்துவைக்க, பந்தை வேறொருவர் சாவகாசமாக எடுத்துக்கொள்வார்.

வெஸ்ட்புரூக்கின் 2016-17 சீசனை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். 31.6 பாயிண்ட், 10.7 ரீபவுண்ட், 10.4 அசிஸ்ட். 42 ட்ரிபிள் டபுள் எடுத்து, 1961-62-லிருந்து நின்றுகொண்டிருந்த ஆஸ்கர் ராபர்ட்சனின் 41-ஐத் தாண்டினார். சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதான எம்.வி.பி.யும் அவருக்கே. அதே அணியில் ஸ்டீவன் ஆடம்ஸ் என்ற மலை போன்ற சென்டர் (கூடையடியில் ஆடும் பெரிய ஆள்) இருந்தார். ஆட்டத்துக்கு அவர் கணக்கில் 7.7 ரீபவுண்ட்தான். எதிரணியின் பெரிய ஆளைக் கட்டிப்போடுவது ஆடம்ஸ், பந்தை வாரிக்கொண்டு ஓடுவது வெஸ்ட்புரூக். இது திருட்டு இல்லை. பந்தை நடத்துகிறவரே ரீபவுண்டையும் எடுத்தால், நடுவில் ஒரு பாஸ் மிச்சம், எதிரணி திரும்பி வருவதற்குள் பாய்ந்துவிடலாம். அணி தெரிந்தே வகுத்த திட்டம். ட்ரிபிள் டபுள் வந்த அந்த 42 ஆட்டங்களில் அவருடைய அணியான ஓக்லஹோமா 33-ல் ஜெயித்தது. ஆனால் அந்த 10.7-ஐப் பார்த்து "ரீபவுண்டில் ஆடம்ஸைவிடக் கெட்டிக்காரர்" என்று சொன்னால் அது அபத்தம். எதிரணி நிறையத் தவறவிட்ட நாளில் ரீபவுண்டும் குவியும், வெற்றியும் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. எதனால் எது வந்தது என்று அந்த 33 சொல்லாது.

இன்னும் தெளிவான உதாரணம் புரூக் லோபஸ். ஏழடி மனிதர், 2018-19-ல் மில்வாக்கிக்கு ஆடியபோது ஆட்டத்துக்கு 4.9 ரீபவுண்ட். தாளில் பார்த்தால் சோம்பேறி என்றுதான் தோன்றும். ஆனால் அந்த சீசனில் ஆட்டத்துக்கு அதிக ரீபவுண்ட் எடுத்த அணி மில்வாக்கிதான், 60 ஆட்டம் ஜெயித்து லீகிலேயே முதலிடம். லோபஸ் இடித்துப் பிடித்து நிற்க, சக ஆட்டக்காரர் யானிஸ் 12.5 எடுத்துக்கொண்டிருந்தார். மறுபக்கம் ஆந்த்ரே டிரம்மண்ட். நான்கு முறை ரீபவுண்டில் முதலிடம். 2017-18-ல் சரியாக 16.0. அந்த வருஷம் அவருடைய அணியான டெட்ராய்ட் 39 வெற்றியோடு, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளுக்கு வெளியே நின்றது. 2020 பிப்ரவரியில் அவரை கிளீவ்லண்டுக்கு அனுப்பியபோது பதிலுக்குக் கிடைத்தது, கழித்துக்கட்டக் காத்திருந்த ஒப்பந்தங்களோடு இரண்டு ஆட்டக்காரர்கள், புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு. ரீபவுண்ட் எண்ணுக்குச் சந்தை கொடுத்த விலை அது. டிரம்மண்டுக்கு அது கொஞ்சம் அநியாயம் என்றே நினைக்கிறேன், ஆஃபென்ஸ் ரீபவுண்டில் அவர் நிஜமாகவே பெரிய ஆள்.

எண்ணுக்காகவே ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சிரிப்புக் கதையும் உண்டு. 2003 மார்ச்சில் கிளீவ்லண்டின் ரிக்கி டேவிஸுக்கு ட்ரிபிள் டபுளுக்கு ஒரே ஒரு ரீபவுண்ட் பாக்கி. அணி ஏற்கெனவே 25 பாயிண்ட் முன்னிலை. மனிதர் தன் அணி காக்க வேண்டிய கூடையிலேயே வேண்டுமென்று பந்தை எறிந்து தானே பிடித்தார்! கடுப்பான யூட்டா ஆட்டக்காரர் ஒருவர் அவரை இழுத்துப் ஃபவுல் செய்தார். ரீபவுண்ட் செல்லவில்லை, சொந்த அணியே அபராதம் போட்டது. இருபது வருஷம் கழித்து 2023-ல் யானிஸும் கடைசி நொடியில் ரிம்மில் பந்தைத் தட்டிப் பிடித்தார். மறுநாள் என்.பி.ஏ. அந்த ரீபவுண்டை அழித்துவிட்டது. இவ்வளவு பெரிய ஆளுக்கே பத்து என்ற எண்ணின் மீது இந்த ஆசை.

சரி, ராட்மன். இதில் நான் உங்கள் பக்கம். 1991-92 முதல் தொடர்ந்து ஏழு சீசன் ரீபவுண்டில் முதலிடம். உயரம் ஆறடி ஏழு அங்குலம்தான், அந்த வேலைக்குக் குள்ளம். முதல் வருஷம் 18.7. களத்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள், சமமாகப் பங்கிட்டால் ஆளுக்குப் பத்து சதவீதம். ராட்மன் தான் களத்தில் இருந்த நேரத்தில் விழுந்த ரீபவுண்டுகளில் கால்வாசிக்கும் மேல் எடுத்தார். அது சக ஆட்டக்காரர் விட்டுக்கொடுத்து வருவதில்லை. டெட்ராய்ட் நாட்களில், மற்றவர்கள் வார்ம்-அப்பில் ஷூட் செய்யும்போது இவர் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பாராம். ஏன் என்று கேட்ட சக ஆட்டக்காரர் ஐசய்யா தாமஸிடம், ஒவ்வொருவர் ஷாட்டும் காற்றில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுகிறேன் என்றாராம். யார் எங்கிருந்து அடித்தால் பந்து ரிம்மில் பட்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். பந்து தெறிப்பதற்கு முன்பே கால் அங்கே போயிருக்கும். 1996 ஃபைனல்ஸில் சியாட்டிலுக்கு எதிராக இரண்டு ஆட்டங்களில் தலா 11 ஆஃபென்ஸ் ரீபவுண்ட். என் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அந்த 22 பந்துகளில் பெரும்பாலானவை சியாட்டிலுக்குப் போயிருக்க வேண்டியவை.

ஆனால் அதே ராட்மன் அதற்கு முந்தைய வருஷம் சான் அன்டோனியோவில் இருந்தார். லீகிலேயே அதிகமாக 62 வெற்றி பெற்ற அணி, ஹூஸ்டனிடம் அரையிறுதியில் தோற்றது. ராட்மன் ரீபவுண்டுக்காகக் கூடையை விட்டு நகர மறுக்கிறார், வெளியே நிற்கும் ராபர்ட் ஓரி தடுப்பாரின்றி ஷூட் செய்கிறார் என்று அப்போது பெரிய புகைச்சல். அடுத்த சீசன் தொடங்கும் முன்பே வில் பெர்டூ என்ற மாற்று சென்டருக்குப் பதிலாக சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். சிகாகோ அந்த சீசனில் 72 ஆட்டம் ஜெயித்தது. ஒரே ஆள், ஒரே திறமை. ரீபவுண்டுக்காக அணி எதைக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் இரண்டு ஊரிலும் வேறு.

சேம்பர்லெய்னின் 55 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1960 நவம்பரில், அதுவும் பாஸ்டனின் பில் ரஸ்ஸலுக்கு எதிராக. பிரமாதம். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு அணி ஆட்டத்துக்கு 100-க்கும் மேல் ஷூட் செய்தது, பாதிக்கு மேல் தவறியது. அணிக்கு 70-க்கு மேல் ரீபவுண்ட் விழுந்த காலம். இன்று 44 அளவில். அந்த 55-ஐ இன்றைய எண்ணோடு நேராக வைத்துப் பார்க்க முடியாது. அந்த ஆட்டத்தில் ஜெயித்தது பாஸ்டன் என்பதையும் உங்கள் நண்பரிடம் சொல்ல வேண்டாம், வாக்குவாதத்துக்கு எடுத்துக்கொள்வார்.

அவருடைய கெவின் லவ் வாதத்துக்கு வருகிறேன். 17 வெற்றி, 65 தோல்வி, உண்மைதான். ஆனால் ஐவரில் ஒருவர் நன்றாக ரீபவுண்ட் எடுத்ததால் அந்த அணி தோற்கவில்லை. அடிக்கவும் தடுக்கவும் அங்கே போதிய ஆளில்லை. ஆலிவரின் எடையில் ரீபவுண்ட் 20 என்றால், மிச்சம் 80 வேறெங்கோ இருக்கிறது. அந்த 80-ல் ஓட்டை இருந்தால் 15.2 என்ன செய்யும்? இதே லவ் 2016-ல் கிளீவ்லண்டில் இருந்தார். ஃபைனல்ஸின் ஏழாவது ஆட்டத்தில் 9 பாயிண்ட்தான் எடுத்தார், ஆனால் 14 ரீபவுண்ட். அவர் களத்தில் இருந்த நேரத்தில் கிளீவ்லண்ட் கோல்டன் ஸ்டேட்டைவிட 19 பாயிண்ட் அதிகம் எடுத்தது. மொத்த ஆட்டத்தின் வித்தியாசமே நான்குதான், 93-89. கடைசி நிமிடத்தில் ஸ்டெஃப் கரியைத் தனியாக எதிர்கொண்டு நல்ல ஷாட் கிடைக்கவிடாமல் அவரைத் துரத்தியதும் லவ்தான். தவறிய அந்த ஷாட்டின் ரீபவுண்ட் யார் பெயரில் ஏறியது என்று நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். வீடியோ போட்டுப் பார்க்காமல் சொன்னால் அடுத்த வாக்குவாதத்தை அவருக்கே விட்டுக்கொடுத்துவிடலாம்.