தையல் சந்தேகம்: போர்வையின் அடித்துணி ஏன் சுருங்குகிறது?

கேள்வி: ஒட்டுத்துணிகளை இணைத்து, நடுவே பஞ்சுத்தாள் வைத்து, மெஷினில் போர்வை தைத்தேன். திருப்பிப் பார்த்தால் அடித்துணியில் மடிப்பு மடிப்பாக விழுந்திருக்கிறது. எங்கே தவறு?

பதில்: மெஷினின் பற்கள் அடித்துணியை முன்னே இழுக்கின்றன, மேலே அழுத்தும் கால் (ஊசியருகே துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாகம்) மேல்துணியைத் தடுத்துப் பின்தங்க வைக்கிறது. மூன்று அடுக்கும் சரியாகப் பிணைக்கப்படாவிட்டால் ஒவ்வொன்றும் தன் போக்கில் நகரும். அடித்துணியை நான்கு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள். உட்புறம் மேலே தெரியத் தரையில் விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். தளர்வில்லாமல் இருந்தால் போதும். விறைப்பாக இழுத்தால், டேப்பை எடுத்ததும் துணி சுருங்கிவிடும். பஞ்சுத்தாளையும் மேல்துணியையும் பரப்பி, நடுவிலிருந்து வெளிநோக்கி 10 செ.மீ.க்கு ஒரு ஊக்கு குத்துங்கள். பலர் சோம்பல்படும் இடம் இதுதான், போர்வையின் அழகே இதில்தான் இருக்கிறது!

தையலையும் நடுவிலிருந்தே தொடங்குங்கள். 14ஆம் எண் ஊசி, 3 மி.மீ. தையல் நீளம், மெஷினின் அழுத்தும் காலின் அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கவும்.

கேள்வி: வட்டக் கழுத்துப் பட்டி திருப்பியதும் தூக்கி நிற்கிறதே?

பதில்: தையலுக்கு வெளியே விட்ட விளிம்புத் துணியில் 1 செ.மீ.க்கு ஒரு வெட்டு கொடுங்கள். தையல் நூலுக்கு 2 மி.மீ. முன்பே வெட்டை நிறுத்துங்கள். பிறகு இஸ்திரி போடுங்கள்.