ஆய்வும் வேணும், மருத்துவப் பரீட்சையும் வேணும்: கேள்வி-பதில்

ஐயா, யாழ். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இறுதி வருடம். ஆய்வு நன்றாக அமைந்தால் இங்கேயே மருத்துவ பீடத்துக்கு மாறலாமா?

முடியாது. நம் நாட்டு அரச மருத்துவ பீடங்களுக்கு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி ஒன்றுதான் வழி. பட்டதாரிகளை எடுப்பது வெளிநாடுகளில்: அமெரிக்கா, கனடா என்றால் பெரும்பாலும் எம்கற் (MCAT), ஆஸ்திரேலியா என்றால் கம்சற் (GAMSAT) என்ற மருத்துவ நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும்.

விரைவில் பரீட்சை. ஆய்வும் இருக்கிறது. எப்படிப் படிப்பது?

எந்தப் பரீட்சை? எந்தத் திகதி? கிழமைக்கு எத்தனை மணி நேரம் ஆய்வுகூடம்? ஒன்றையும் எழுதாமல் கேட்டால் நான் சாத்திரமா பார்ப்பது? முதலில் திகதியைப் பதியுங்கள்.

ரொறன்ரோவில் மகளுக்குக் கோடை முழுக்க ஆய்வுகூட வேலை. ஓகஸ்டில் எம்கற். இரவில் படித்தால் போதாதா?

போதாது. பகல் முழுக்க பிப்பெற்றோடு நின்ற பிள்ளைக்கு இரவு பத்து மணிக்கு வாசிப்புப் பகுதி மண்டையில் ஏறாது. காலையில் ஆய்வுகூடம் போக முன்னர் இரண்டு மணி நேரம் படிக்கட்டும். டிஎன்ஏயைப் பெருக்கும் பிசிஆர் இயந்திரம் ஓடி முடியும் வரை குறிப்பு அட்டைகளைப் புரட்டலாம், பந்தி வாசித்து விடை தேடுவது சரிவராது. பரீட்சை இடைவேளைகளோடு ஏறத்தாழ ஏழரை மணி நேரம். அதனால் முழு மாதிரித் தேர்வை ஞாயிறு காலை எட்டு மணிக்கே தொடங்கவேண்டும். கடைசி மாதம் அரைநாள் வேலை போதும். அதைப் பேராசிரியரிடம் மே மாதமே சொல்லிவிட வேண்டும். பரீட்சைத் திகதி பதியாமல் அவரிடம் என்னத்தைச் சொல்வது?

கம்சற் பௌதிகவியல் பயமாக இருக்கிறது.

விஞ்ஞானப் பகுதியில் அது ஐந்தில் ஒன்றுதான். ஆய்வில் வரைபு வாசித்துப் பழகியவருக்குப் பயம் எதற்கு?

முப்பதாயிரம் ரூபா கட்டினால் இரண்டு கிழமையில் சஞ்சிகையில் என் பெயரோடு கட்டுரை வருமாம். மருத்துவ நேர்முகத்துக்கு உதவுமா?

தம்பி, இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை! ஒழுங்கான சஞ்சிகையில் துறைசார்ந்தவர்கள் படித்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, கட்டுரை வெளிவர மாதக்கணக்கில் ஆகும். இரண்டு கிழமையில் வந்தால் அதை ஒருவரும் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். அண்மையில் ஒரு பிள்ளை மாதிரி நேர்முகத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்து வலிகாமக் கிணறுகளில் நைத்திரேற்று அளந்ததாகக் கட்டுரை. தண்ணீர் எடுத்தது மாரிக்கு முன்னா, பின்னா என்று கேட்டேன். முழித்தார். தோட்டத்துக்குப் போட்ட உரத்தின் நைத்திரேற்றை மழை கழுவிச் சுண்ணாம்புக்கல் வழியே கிணற்றில் இறக்கும் ஊரில், எடுத்த மாதம் தெரியாத அளவீட்டுக்கு என்ன பெறுமதி? போத்தலை எந்தக் கிணற்றில், எத்தனை மணிக்கு நிரப்பினோம் என்று எழுதிய கொப்பி ஒன்று உங்களிடம் இருந்தால் நேர்முகத்தில் அரை மணி நேரம் பேசலாம். கொப்பி இல்லாவிட்டால் ஆய்வே வேண்டாம், அந்த நேரத்துக்கும் பரீட்சைக்குப் படியுங்கள்.

ஆய்வறிக்கை ஒப்படைப்பதும் மார்ச் கம்சற்றும் ஒரே கிழமையில் வருகின்றன.

செப்டெம்பரிலும் கம்சற் உண்டு. பதிவு திறந்த அன்றைக்கே அதற்குப் பதியுங்கள்.