மலைப்பாதையில் ஓடும் டீசல் ஜீப்பின் கிளட்சும் என்ஜினும் நீடித்து உழைக்க என்ன செய்ய வேண்டும்?

கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கற்பாதை போன்ற இடங்களில் ஓடும் டீசல் ஜீப்பில் கிளட்ச் ஏன் விரைவில் தேய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பாதையைவிட ஓட்டுநரின் இடது காலே காரணம். ஏற்றத்தில் கல் தடுக்கும்போது பாதி கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தினால், என்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலுக்கும் கிளட்ச் தட்டுக்கும் இடையிலான உராய்வு வெப்பமாக மாறித் தட்டின் லைனிங்கைக் கருக்கிவிடும்; கருகல் வாடை வந்தால் மறுபடி முயலாமல் ஆறவிடுங்கள். ஃபோர்வீல் லோவில் (நான்கு சக்கரங்களையும் மெதுவாக, வலுவாக இழுக்கும் நிலை) முதல் கியரைப் போட்டுக் கிளட்சை முழுமையாக விட்டுவிட்டால், டீசல் என்ஜின் குறைந்த சுழற்சியிலேயே தரும் இழுவிசை வண்டியை ஊர்ந்தபடி ஏற்றிவிடும். இறக்கத்திலும் அதே கியர்தான்.

என்ஜினுக்கு முதல் எதிரி புழுதி. ஏர் ஃபில்டருக்குப் பின்னுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மண் ஒட்டினால், அது பிஸ்டன் ரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் அராவத் தொடங்கிவிட்டது என்று பொருள். டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலி) உள்ள வண்டியாயின், ஏறி முடித்ததும் ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். இல்லையேல் டர்போவின் பேரிங்கில் தேங்கும் ஆயில் கருகிப் படியும். ஓடையில் என்ஜின் நின்றுபோனால், உள்ளே தண்ணீர் போகவில்லை என்று உறுதியாகும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாமல், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.