திரும்பி வந்தவர்களின் மனநலம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

நான் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் உங்கள் வாசகி. 1990 இல் ஊரை விட்டுப் போன என் அண்ணா, தமிழ்நாட்டு அகதி முகாம் ஒன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டு, அண்ணியுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் சென்ற வருடம் திரும்பி வந்தார். எங்கள் வளவிலேயே ஒரு சிறிய வீட்டில் இருக்கிறார்கள். அண்ணா கூலி வேலைக்குப் போகிறார். அண்ணியை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. இரவில் உறங்குவதில்லை, நாய் குரைத்தால் எழுந்து போய்ப் படலையைப் பார்க்கிறார். குச்சவெளிப் பக்கத்தில் தம்பியை இழந்தவர் என்பது அண்ணா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து நான் கேட்டபோதெல்லாம் எழுந்து போய்விட்டார். பதினாறு வயது மகளோ பாடசாலைக்குப் போக மறுக்கிறாள். திரும்பி வந்த குடும்பங்களைக் கோயில் மண்டபத்தில் ஒரு நாள் கூட்டி, கொழும்பிலிருந்து ஓர் உளவளத்துணையாளரை அழைத்து, எல்லோரையும் தங்கள் அனுபவங்களைச் சொல்ல வைக்கலாம் என்று எங்கள் மாதர் சங்கத்தில் பேசிக்கொள்கிறோம். இது சரியா? அண்ணியை எப்படிப் பேச வைப்பது?

– ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள சகோதரி,

மண்டபக் கூட்டத்தைப் பற்றிய என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அதை நடத்த வேண்டாம். நல்ல மனதோடு எடுத்த முயற்சி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காலையில் வந்து மாலையில் திரும்பிப் போகிற ஒருவர் முன்னிலையில், அயலவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முப்பது வருடங்களுக்கு முந்திய ஒரு சாவை ஒரு பெண் எடுத்துரைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவரைத் தேற்றுவதாகாது. அன்றிரவு அவர் விழித்திருக்கும்போது அந்த உளவளத்துணையாளர் கொழும்பு பஸ்ஸில் இருப்பார். 2004 டிசம்பர் 26 இன் கடற்கோளுக்குப் பிறகு நமது கரையோரத்தில் இதை வேண்டிய மட்டும் பார்த்துவிட்டோம்; ஒருவர் பின் ஒருவராக வந்து ஒரே குடும்பத்திடம் ஒரே கதையைக் கேட்டார்கள், பிள்ளைகளிடம் அலையை வரையச் சொல்லிப் படங்களை வாங்கிக்கொண்டு போனார்கள், படம் கொடுத்த பிள்ளை பிறகு என்ன ஆனாள் என்று கேட்க ஆளில்லை.

பேரிடருக்கு உள்ளானவர்களை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறை ஒரு காலத்தில் உலகெங்கும் செல்வாக்குப் பெற்றிருந்தது. அது பின்வரும் மனநோயைத் தடுப்பதில்லை என்பதும், சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்த பிறகு, உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்த நிறுவனம் 2011 இல் வேறு அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பார்த்தல், கேட்டல், தேவையானவற்றோடு இணைத்துவிடுதல் என்ற மூன்றையே அடிப்படையாகக் கொண்டது. அங்கே கேட்டல் என்பது, சொல்ல விரும்புகிறவர் சொல்லும்போது குறுக்கிடாமல் இருப்பது, விரும்பாதவரைத் தோண்டாமல் விடுவது.

இதனால் கதையைச் சொல்வதே கேடு என்று நான் கூறுவதாக எண்ணிவிட வேண்டாம். கடற்கோளுக்குச் சில வாரங்களின் பின், போரையும் கடலையும் ஒருசேரக் கண்டிருந்த வடகிழக்குப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் தங்கள் வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தார்கள். மற்றப் பகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறினார்கள். இரண்டையும் நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள், அதுவும் ஒரு நாளில் முடித்துவிடாமல் பல அமர்வுகளாக. ஆகவே சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; சொல்வதென்றால் அதற்கு இடமும் காலமும் தொடர்ந்து வரும் ஓர் ஆளும் வேண்டும். உங்கள் அண்ணி எழுந்து போனது, தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஒரு வழி என்றே எனக்குப் படுகிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு செய்தி இல்லாததைக் கவனித்தேன். அண்ணி 1990 இல் எதை இழந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று அவர் கையில் என்னென்ன பத்திரங்கள் இருக்கின்றன, பிள்ளைகளின் குடியுரிமைப் பதிவு எந்த நிலையில் இருக்கிறது, குச்சவெளிக் காணி யார் கையில் இருக்கிறது என்று ஒரு வரியும் இல்லை. ஏதிலிகளின் மனநலம் என்றவுடன் நாம் எல்லோருமே அவர்கள் கடந்து வந்த துன்பத்தைத்தான் நினைக்கிறோம். வந்து சேர்ந்த இடத்தில் அவர்களை வைத்திருக்கும் நிலை அதற்குச் சற்றும் குறையாமல் மனதை அரிக்கிறது. ஈராக், ஈரான் பகுதிகளிலிருந்து சிட்னிக்கு வந்த மண்டேயர் என்ற சிறுபான்மை மதத்தவர்களைப் பற்றி 2006 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில், நிரந்தர வதிவிடம் பெற்றவர்களைவிடத் தற்காலிக விசாவில் வைக்கப்பட்டிருந்தவர்களின் மனநிலை மிக மோசமாக இருந்தது. நெடுநாள் தடுப்பு முகாமில் இருந்தவர்களிடமும் அதன் பாதிப்பு வெளியே வந்த பின்னும் தொடர்ந்தது. பட்ட துன்பம் பலருக்கு ஒரே தன்மையானதுதான், ஆனால் நாளைக்கு என்ன ஆகும் என்பது ஒருவருக்குத் தெரிந்திருந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை.

இதை அறிய நமக்கு சிட்னி தேவையில்லை. 2006 இல் இடம்பெயர்ந்து கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் தகரக் கொட்டில்களில் இருந்த சம்பூர் மக்கள், காணி விடுவிக்கப்படும் வரை ஏறத்தாழ ஒன்பது வருடங்கள் காத்திருந்தார்கள். அவர்களிடம் பேசப் போனவர்களுக்குத் தெரியும், அவர்கள் செல்வீச்சைப் பற்றிப் பேசியதைவிட ‘எப்ப விடுவினம்’ என்று கேட்டதுதான் அதிகம். உங்கள் அண்ணா இருந்த இந்தியாவும் நமது நாடும் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் சேராதவை. முப்பது வருடங்கள் ஒருவர் ஒரு நாட்டில் வாழ்ந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்தும், அங்கே இருப்பது அவருடைய உரிமை என்று சட்டம் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் கடற்படையால் நமது திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்ட, மியன்மாரைச் சேர்ந்த ரோகிஞ்சா மக்களின் நிலையும் இன்று அதுவே என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

ஓர் அலுவலகத்தில் கண்டதைச் சொல்கிறேன். திரும்பி வந்த ஒருவர், தமிழ்நாட்டுத் துணிக்கடை ஒன்றின் பையிலிருந்து முகாம் அட்டை, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், பழுப்பேறிய ஒரு பிறப்புப் பதிவு என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்; எல்லாமே பிளாஸ்டிக் உறையிடப்பட்டவை. உத்தியோகத்தர் உறைக்குள் இருந்த ஒன்றின் மூலப் பிரதியைக் கேட்டார். அதுவே மூலப் பிரதி என்று சொல்லவும் அவருக்குத் துணிவு வரவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பைக்குள் அடுக்கத் தொடங்கினார். அந்த மனிதருக்கு அன்று ஒரு மனநல ஆலோசகரைவிட, ‘ஐயா, இதுதான் மூலம், பாருங்கோ’ என்று பக்கத்தில் நின்று சொல்லக்கூடிய ஒருவர்தான் தேவைப்பட்டார்.

அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை வம்சாவழியில் இலங்கைப் பிரசையாவதற்குப் பிறப்பைப் பதிவு செய்திருக்க வேண்டும். உரிய காலத்தில் பதியப்படவில்லையென்றால் பிந்திய பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் வேலை. தேசிய அடையாள அட்டைக்கு கிராம உத்தியோகத்தரிடமிருந்து தொடங்க வேண்டும். அண்ணிக்கு எந்த அலுவலகத்துக்கு எந்த நாளில் போவது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், போகும்போது கூடப் போங்கள். மாதர் சங்கம் கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்குவதென்றால், கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்து உத்தியோகத்தர் ஒருவரையும் அங்கே உட்கார வைத்துப் படிவம் நிரப்பிக் கொடுங்கள். தேநீரும் வடையும் இருக்கட்டும். திரும்பி வந்த பெண்கள் ஒருவரையொருவர் அங்கே அறிந்துகொள்வார்கள். பேச வேண்டியவர்கள் தாமாகவே பேசிக்கொள்வார்கள், அதுவும் உங்களிடம் அல்லாமல் தங்களுக்குள்.

மகளைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அவளைப் பற்றித்தான் கூடுதல் கவலை. அண்ணாவும் அண்ணியும் தங்கள் ஊருக்குத் திரும்பி வந்தார்கள். அவள் எங்கும் திரும்பி வரவில்லை. பிறந்து வளர்ந்த இடத்தையும் தோழிகளையும் விட்டு, பெற்றோர் சொல்லிக் கேட்ட ஒரு நாட்டுக்குப் புதிதாகக் குடியேறியிருக்கிறாள். இங்கே பாடத்திட்டம் வேறு, வரலாறு வேறு, சிங்களத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. வாய் திறந்தால் ‘இந்தியாக்காரி’ என்று வகுப்பில் சிரிக்கிறார்களா என்று அவளிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அப்படியானால் வகுப்பாசிரியரிடம் பெயர் சொல்லாமல் பேசலாம். சிங்களத்துக்கு ஒரு ரியூசன் ஆசிரியரைப் பிடித்துக் கொடுங்கள். பழைய தோழிகளோடு அவள் போனில் கதைப்பதைத் தயவு செய்து தடுக்காதீர்கள். ‘இன்னும் இந்தியாவையே நினைத்துக்கொண்டிருக்கிறாள்’ என்று குறைப்படும் பெரியவர்கள், ரொறன்ரோவுக்குப் போன தங்கள் பிள்ளைகள் தினமும் திருகோணமலைக்கு அழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள்தான்.

இவ்வளவும் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் உறுதி கூறவில்லை. அண்ணியின் உறக்கமின்மை இவ்வளவு நாள் தொடர்ந்திருப்பதால் அவரை வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். சாப்பாடு குறைந்து உடல் மெலிவது, சமையலும் குளிப்பும் விட்டுப்போவது, மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்பது, ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் சுகம்’ என்ற மாதிரியான பேச்சு, இவற்றில் ஏதாவது தென்பட்டால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்கலாம், கேட்க வேண்டும். வளவில் பூச்சிமருந்துப் போத்தல் இருந்தால் அப்புறப்படுத்திவிடுங்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் அவசரமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். கிளினிக்குக்குப் போவதை அண்ணி வெட்கமாக நினைத்தால், நித்திரைக்கு மருந்து கேட்கப் போவோம் என்று சொல்லி அழைத்துப் போங்கள், அது பொய்யுமில்லை. தமிழ்நாட்டில் ஏதாவது மருந்து எடுத்திருந்தால் அந்தச் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள்.