மனநோய் என்று சொல்பவர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி: அமெரிக்காவில் பள்ளியிலோ கடைவீதியிலோ துப்பாக்கிச் சூடு நடக்கும்போதெல்லாம் ஒரு தரப்பு ‘துப்பாக்கியைக் கட்டுப்படுத்து’ என்கிறது, மறுதரப்பு ‘மனநோயைக் கவனி’ என்கிறது. சித்தம் கலங்கியவன் துப்பாக்கி கிடைக்காவிட்டால் கத்தியைத் தூக்கப் போகிறான். அப்படியிருக்க, நோயைக் கவனிப்பதுதானே முறை? தங்கள் நிலைப்பாடு என்ன?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: நோயைக் கவனிக்க வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் நோயைக் காரணமாகக் காட்டும் அமெரிக்க அரசியல்வாதிகள் அதை நம்பித்தான் சொல்கிறார்களா என்பதைச் சோதித்துப் பார்த்துவிட்டு மேலே பேசுவோம். ஒருவருக்கு மனம் தடுமாறியிருக்கிறது, அவரிடம் துப்பாக்கியும் இருக்கிறது என்று தெரிய வந்தால், அவர் தேறும் வரைக்குமாவது அதை வாங்கி வைக்கச் சம்மதமா என்று அவர்களிடம் கேட்டால் போதும். இந்த ஒரு கேள்வியில் பெரும்பாலோர் தோற்றுவிடுகிறார்கள்.

மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் நகரில் நடந்ததைப் பாருங்கள். 2023 அக்டோபர் 25 அன்று இரவு, ஒரு பௌலிங் அரங்கிலும் ஒரு மதுக்கூடத்திலும் புகுந்து 18 பேரைச் சுட்டுக் கொன்றவர், ராணுவத்தின் ரிசர்வ் படையைச் சேர்ந்த 40 வயதுக்காரர். அவருடைய நோய் எவருக்கும் தெரியாமல் மறைந்து கிடக்கவில்லை. எல்லோரும் தம்மைப் பற்றி இழிவாகப் பேசுவதாக அவர் காதில் விழுகிறது, வீட்டில் துப்பாக்கிகளும் இருக்கின்றன என்று அவருடைய மகனும் முன்னாள் மனைவியும் மே மாதமே ஷெரிப் (உள்ளூர்க் காவல்துறைத் தலைவர்) அலுவலகத்துக்குத் தெரிவித்திருந்தார்கள். ஜூலையில் பயிற்சிக்காக நியூயார்க் மாநிலத்துக்குச் சென்ற இடத்தில் நிலைமை முற்றவே, மனநல மருத்துவமனையில் சேர்த்து இரண்டு வாரம் சிகிச்சை அளித்தார்கள். ஆகஸ்டில் அவர் ஒரு கடையில் தாம் வாங்கியிருந்த சைலன்சரை எடுக்கப் போனபோது, நிரப்ப வேண்டிய படிவத்தில், மனநல நிலையத்தில் சேர்க்கப்பட்டதுண்டா என்று கேட்கும் இடத்தில் ‘ஆம்’ என்று தம் கையாலேயே குறித்தார். கடைக்காரர் சட்டப்படி கொடுக்க மறுத்துவிட்டார். சத்தத்தைக் குறைக்கும் குழாய் கிடைக்கவில்லை. சத்தம் போடும் துப்பாக்கிகளோ வீட்டில் அப்படியே இருந்தன.

செப்டம்பரில் சக வீரர் ஒருவர், இவர் நிலை தவறிப் பலரைச் சுட்டுவிடுவார் என்று அஞ்சுவதாக மேலதிகாரிக்குக் குறுஞ்செய்தியே அனுப்பினார். ஷெரிப் அலுவலக அதிகாரி வீட்டுக்குச் சென்று கதவைத் தட்டினார். உள்ளே ஆள் நடமாடும் ஓசை கேட்டது, கதவு திறக்கவில்லை, அவர் திரும்பிவிட்டார். துப்பாக்கிகளைக் குடும்பத்தாரே பார்த்துக்கொள்வார்கள் என்று விஷயம் அத்துடன் விடப்பட்டது. நோயைக் கண்டறிந்தாயிற்று, மருத்துவமனையில் வைத்துப் பார்த்தாயிற்று, நோயாளியே ஒப்புக்கொண்டாயிற்று. செய்யாமல் விட்டது துப்பாக்கியை எடுக்கும் வேலை ஒன்றைத்தான். இருந்த சட்டத்தின்படியே அவரைக் காவலில் எடுத்துத் துப்பாக்கிகளை அகற்றுவதற்குப் போதிய காரணம் ஷெரிப் அலுவலகத்திடம் இருந்தது என்று பின்னர் மாநிலம் அமைத்த விசாரணை ஆணையம் கூறியது.

இப்படிப்பட்ட வேளைக்கென்றே ‘சிவப்புக் கொடி’ எனப்படும் சட்டம் இருக்கிறது. ஒருவர் தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருக்கிறார் என்று போலீசாரோ, சில மாநிலங்களில் குடும்பத்தாரோ நீதிபதியிடம் முறையிடலாம். நீதிபதி சான்றுகளைப் பார்த்துக் குறிப்பிட்ட காலத்துக்குத் துப்பாக்கிகளை வாங்கி வைக்க உத்தரவிடுவார். காலம் முடிந்தால் திருப்பித் தந்துவிடுவார்கள். இதில் ஒருவர் நோயாளியா என்று கேட்பதில்லை, இப்போது ஆபத்தானவரா என்றுதான் கேட்கிறார்கள். கனெக்டிகட் 1999-இலும் இண்டியானா 2005-இலும் இதைக் கொண்டுவந்தன. பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டதற்கு அடுத்த மாதமே, 2018 மார்ச்சில், குடியரசுக் கட்சியின் ஆளுநர் ஆண்ட புளோரிடாவும் கொண்டுவந்தது. லூயிஸ்டன் கொலைகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மெய்ன் மக்கள் இதை வாக்களித்தே ஏற்றுக்கொண்டார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான் என்றாலும், பிடித்தார்கள்.

டெக்சாஸ் போன வழி வேறு. 2022 மே 24 அன்று யுவால்டி தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். மறுநாள் ஆளுநர் கிரெக் அபட், பிறரைச் சுடும் எவருக்கும் மனநலக் கோளாறு இருக்கத்தான் செய்யும் என்றார். அதே செய்தியாளர் கூட்டத்தில், கொலையாளிக்கு மனநலச் சிக்கல் இருந்ததாக முன்பு பதிவு எதுவும் இல்லை என்றும் அவரே சொன்னார். சுட்டதனால் நோயாளி, நோயாளியானதனால் சுட்டான் என்று வட்டமடிக்கும் இந்த வாதத்தை எந்த மருத்துவரும் ஒப்ப மாட்டார். சரி, அவர் உண்மையாகவே அப்படி நம்புவதாக வைத்துக்கொள்வோம். நம்புகிறவர் சிவப்புக் கொடிச் சட்டத்தை வரவேற்க வேண்டாமா? அத்தகைய உத்தரவுகளை டெக்சாஸில் செயல்படுத்தவே கூடாது என்று தடுக்கும் சட்டத்தில் 2025-இல் கையெழுத்திட்டவர் அதே அபட்.

முந்தைய ஒரு சம்பவத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பரில் அதே மாநிலத்தின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 உயிர்கள் போயின. இது துப்பாக்கி விவகாரமே அல்ல, மனநல விவகாரம் என்றார் அதிபர் டிரம்ப். கொன்றவனோ, மனைவியையும் அவருடைய குழந்தையையும் அடித்ததற்காக விமானப்படையின் ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். அந்தத் தண்டனையை எஃப்.பி.ஐ.யின் பதிவேட்டுக்கு விமானப்படை அனுப்பத் தவறியதால்தான் கடையில் நடந்த பின்னணிச் சோதனையில் அவன் தேறிவிட்டான். பொறுப்பில் 60 சதவீதம் விமானப்படையைச் சேரும் என்று 2021-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு குமாஸ்தா வேலை ஒழுங்காக நடந்திருந்தால் அந்தக் கடையில் அவனுக்குத் துப்பாக்கி விற்றிருக்க முடியாது. மனநலம் என்ற பேச்சு அந்தத் தவற்றின் மேல் போர்த்திய சால்வை.

கட்டுப்பாடு கோருபவர்களிடமும் எனக்குக் குறை உண்டு. 1968-ஆம் ஆண்டின் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம், நீதிமன்றமோ அதற்கு ஒப்பான அமைப்போ மனநிலை குன்றியவர் என்று தீர்மானித்தவர்களுக்கும், மனநல நிலையத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கும் துப்பாக்கி கூடாது என்கிறது. இது ஒரு பக்கம் ஓட்டை, மறுபக்கம் அநியாயம். ஓட்டை எப்படிப்பட்டது என்பது 2007-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் தெரிந்தது. அங்கே 32 பேரைக் கொன்ற மாணவன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005 டிசம்பரிலேயே ஒரு நீதித்துறை அதிகாரி முடிவுசெய்திருந்தார். ஆனால் உள்நோயாளியாகச் சேர்க்காமல் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறும்படி உத்தரவிட்டதால், துப்பாக்கி வாங்கக் கூடாதவர்களின் கூட்டாட்சிப் பட்டியலில் அவன் பெயர் ஏறவில்லை. இரண்டு கைத்துப்பாக்கிகளை முறைப்படியே வாங்கினான். இறந்தவர்களில் தமிழ்நாட்டில் பிறந்து அங்கே நீரியல் கற்பித்து வந்த பேராசிரியர் ஒருவரும் உண்டு.

அநியாயம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒபாமா ஆட்சியின் கடைசி நாட்களில் வந்த ஒரு விதியைச் சொல்லலாம். மனநலக் குறைபாட்டுக்காக அரசு உதவித்தொகை பெற்று, அந்தப் பணத்தை நிர்வகிக்க வேறொருவரின் துணையை நாடியிருந்த சுமார் 75,000 பேரை அது தடைப்பட்டியலில் சேர்க்க இருந்தது. 2017 பிப்ரவரியில் அதை டிரம்ப் ரத்து செய்தபோது தாராளவாதிகள் கொதித்தார்கள். ஆனால் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கமும்கூட அந்த விதியை எதிர்த்திருந்தன. அவர்கள் எதிர்த்தது நியாயம் என்றே கருதுகிறேன். வரவு செலவு பார்க்க முடியாதவர் கொலைகாரர் ஆகிவிட மாட்டார். டியூக் பல்கலைக்கழகத்தின் மனநலத் துறைப் பேராசிரியர் ஜெஃப்ரி ஸ்வான்சன் பல்லாண்டுகளாக எடுத்துச் சொல்லி வரும் கணக்குப்படி, கடும் மனநோய் முழுவதையும் ஒரே நாளில் குணப்படுத்திவிட்டாலும் அமெரிக்க வன்முறையில் குறையப்போவது ஏறத்தாழ 4 சதவீதம்தான். நோயாளிகளின் பட்டியலை நீட்டிக்கொண்டே போனால், பெயர் ஏறிவிடுமோ என்று பயந்து மருத்துவரிடம் போகாதவர்களின் எண்ணிக்கைதான் கூடும்.

இனி உங்கள் கத்திக்கு வருகிறேன். 2012 டிசம்பர் 14 அன்று சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒருவன் கத்தியால் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் குத்தினான். ஒரு குழந்தையும் சாகவில்லை. அதே தேதியில் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் இறந்தார்கள். கத்திக்குப் பலியானவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. சீனாவிலேயே வேறு தாக்குதல்களில் பலர் இறந்திருக்கிறார்கள். கருவி மாறினால் சாவின் கணக்கு மாறும் என்கிறேன். 2019-இல் ஒஹாயோவின் டேட்டன் நகரில் 100 தோட்டா கொள்ளும் உருளை பொருத்திய துப்பாக்கியோடு வந்தவனைப் போலீசார் சுமார் அரை நிமிடத்திலேயே சுட்டு வீழ்த்திவிட்டார்கள். அந்த அரை நிமிடத்துக்குள் 9 பேர் இறந்திருந்தார்கள்.

மனநலத்துக்கும் துப்பாக்கிக்கும் உண்மையிலேயே நெருங்கிய தொடர்புள்ள இடம் ஒன்று உண்டு. இரு தரப்பும் அதை அதிகம் பேசுவதில்லை. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டோர், தற்கொலை செய்துகொண்டவர்கள். தொலைக்காட்சியில் நாள்கணக்கில் ஓடும் கூட்டக் கொலைகள் இந்தத் தொகையில் மிகச் சிறு பங்கு. வேறு வழியை நாடிப் போவார்கள் என்ற வாதம் இங்கேயும் வருகிறது. அதற்கு நம் பக்கத்திலேயே பதில் கிடைக்கிறது. 1990-களில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதத்தைக் கொண்டிருந்த நாடுகளில் ஒன்று இலங்கை. கொடிய நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளை 1995 முதல் ஒவ்வொன்றாகத் தடைசெய்ததும், பத்தாண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அங்கே துயரம் குறையவில்லை. அந்தப் பத்தாண்டுகளில் போரும் ஓயவில்லை, ஆழிப்பேரலையும் வந்து போனது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நஞ்சுதான் குறைந்தது.

ஆகவே என் நிலைப்பாடு இதுதான்: ஆபத்து தெரிந்த வேளையில் துப்பாக்கியை அகற்றும் சட்டம் எல்லா மாநிலங்களிலும் வேண்டும், மனநல சிகிச்சைக்குப் பணமும் வேண்டும், இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. யுவால்டிக்கு ஒரு மாதம் கழித்து, 2022 ஜூன் 25 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டம் இரண்டையும் ஓரளவு சேர்த்தே செய்தது. 21 வயதுக்குட்பட்டவர்கள் துப்பாக்கி வாங்க வந்தால் கூடுதல் சோதனை, சிவப்புக் கொடி போன்ற திட்டங்களுக்கு மாநிலங்களுக்கு நிதி, பள்ளிகளில் மனநல ஆலோசகர்களை அமர்த்த 100 கோடி டாலர் என்று அதில் பல ஏற்பாடுகள் இருந்தன. மனநலத்துக்குச் செலவிடுவதுதான் தங்கள் வழி என்று சொல்லியே குடியரசுக் கட்சியின் செனட் உறுப்பினர்கள் பலர் அதற்கு வாக்களித்தார்கள். 2025 ஏப்ரலில், டிரம்ப் ஆட்சியின் கல்வித்துறை, அந்த ஆலோசகர்களுக்கான சுமார் 100 கோடி டாலர் மானியத்தைத் தொடரப் போவதில்லை என்று அறிவித்தது. பல மாநிலங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. விசையை அழுத்துவது மனநோயும் வெறுப்பும்தான், துப்பாக்கி அல்ல என்று 2019-இல் டெக்சாஸின் எல் பாசோவிலும் டேட்டனிலும் நடந்த கொலைகளுக்குப் பிறகு வெள்ளை மாளிகையில் நின்று சொன்னவரும் அதே டிரம்ப்தான்.