ஒரே பெயர், வேறு பாட்டில்: சிங்கிள் மால்ட் கேள்வி பதில்

கேள்வி: லஃப்ராய்க் 10 வருட மால்ட் இரண்டு பாட்டில் என்னிடம் இருக்கிறது. ஒன்றில் ஆல்கஹால் 40 சதவீதம், மற்றதில் 43 சதவீதம் என்று போட்டிருக்கிறது. லேபிளில் மற்றதெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் குடித்தால் ஒன்றாக இல்லை. இதில் ஒன்று போலியா?

பதில்: போலி என்று முடிவு கட்ட இது காரணமே இல்லை. லஃப்ராய்க் ஒரு சிங்கிள் மால்ட், அதாவது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் செய்த ஸ்காட்ச் விஸ்கி. பிரிட்டனில் விற்கிற லஃப்ராய்க் 10 வருடம் 40 சதவீதம், அமெரிக்காவுக்குப் போவது 43. ஸ்காட்ச் விஸ்கி எதுவும் 40-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது சட்டம், அதற்கு மேல் எங்கே நிறுத்துவது என்பது நிறுவனத்தின் விருப்பம். அதனால்தான் ஒரே பெயரில் வருகிற மால்ட் நாட்டுக்கு நாடு வேறு அளவு தண்ணீரோடு பாட்டிலுக்குள் போகிறது. மூன்று சதவீதம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். லஃப்ராய்க் மாதிரி புகையும் அயோடினும் தூக்கலாக இருக்கிற மால்டில் அது நன்றாகவே தெரியும்: 43-இல் நடுவாயில் ஒரு கனம் இருக்கும், 40-இல் புகை முதலில் வந்துவிட்டு சீக்கிரம் அடங்கிவிடும். எனக்கு 43 தான் பிடிக்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சதவீதம் ஒன்றாகவே இருந்தாலும் அடைத்த வருடம் வேறாக இருக்கலாம். வடிசாலை ஒரு மால்டைச் செய்யும் விதம் காலப்போக்கில் மாறும், பீப்பாய்கள் மாறும், லேபிளில் உள்ள பெயர் மட்டும் அப்படியே நிற்கும். புனஹாவன் 12 வருடம் இதற்கு நல்ல உதாரணம். 2010 வரை 40 சதவீதத்தில் வந்தது, அதன் பிறகு 46.3-க்கு உயர்த்தி, குளிரவைத்து வடிகட்டுவதையும் நிறுத்தினார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் குடித்தவர்கள் இரண்டும் ஒரே மால்ட் என்று சொல்லத் தயங்குவார்கள்.

குளிரவைத்து வடிகட்டுவது என்று சொன்னேன், அது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். விஸ்கியில் கொழுப்பு அமில எஸ்டர்கள் கரைந்திருக்கின்றன. சுமார் 46 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற விஸ்கியைக் குளிர வைத்தாலோ ஐஸ் போட்டாலோ அவை பிரிந்து லேசாகக் கலங்கும். வாங்குகிறவர் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பாரே என்று, முன்கூட்டியே உறைநிலைக்குப் பக்கம் வரை குளிரவைத்து வடிகட்டிவிடுவார்கள். கலங்கல் போய்விடும், கூடவே நாக்கில் எண்ணெய்போலப் படிகிற அந்தத் தன்மையும் கொஞ்சம் போகிறது என்பது என் கருத்து. வித்தியாசமே தெரியாது என்று சொல்கிற நல்ல ருசியாளர்களும் உண்டு. ஆனால் இரண்டு பாட்டிலை ஒப்பிடுகிறவர் இந்த ஒரு வரி லேபிளில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

கேள்வி: ஆர்ட்பெக் 10 வருடம், ஆர்ட்பெக் ஊகடால் இரண்டும் வாங்கி வைத்திருக்கிறேன். எது நல்லது என்று நண்பர்களுக்குள் விவாதம் முடிவதே இல்லை. சரியாக ஒப்பிடுவது எப்படி?

பதில்: நல்ல ஜோடி. ஆனால் நீங்கள் குடிக்கிற விதத்தில் ஒப்பீடு நடக்கவே இல்லை என்று சந்தேகப்படுகிறேன். 10 வருடம் 46 சதவீதம், முழுக்க பூர்பன் (அமெரிக்க விஸ்கி) வைத்திருந்த பீப்பாயில் இருந்தது. ஊகடால் 54.2 சதவீதம், பூர்பன் பீப்பாயில் இருந்ததோடு ஷெர்ரி (ஸ்பானிய ஒயின்) பீப்பாயில் இருந்ததையும் கலந்தது. அப்படியே ஊற்றிக் குடித்தால் ஊகடாலில் கூடுதலாக உள்ள எட்டு சதவீத ஆல்கஹால் முந்திக்கொண்டு பேசும். காரமாக இருப்பதை ஒருவர் 'கனம்' என்பார், மற்றவர் 'முரட்டுத்தனம்' என்பார், இரண்டு பேரும் ஷெர்ரி பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

முதலில் இரண்டையும் ஒரே பலத்துக்குக் கொண்டுவாருங்கள். 20 மில்லி ஊகடாலை 46 சதவீதத்துக்கு இறக்க ஏறக்குறைய மூன்றரை மில்லி தண்ணீர் போதும். கணக்கு எளிது: 20-ஐ 54.2-ஆல் பெருக்கி 46-ஆல் வகுத்தால் 23.6 வரும், அதிலிருந்து 20-ஐக் கழித்தால் சேர்க்க வேண்டிய தண்ணீர். மருந்துக் கடையில் கிடைக்கிற ஊசி இல்லாத சிரிஞ்சு இருந்தால் அளவு கச்சிதமாக வரும். வாசனை இல்லாத, அதிகம் உப்புச்சத்து இல்லாத தண்ணீராக இருக்கட்டும். கலந்துவிட்டு உடனே மூக்கை நீட்டாதீர்கள், ஐந்து நிமிடம் விடுங்கள்.

தண்ணீர் சேர்த்தால் விஸ்கி கெட்டுவிடும் என்று இன்னும் நிறையப் பேர் நம்புகிறார்கள். பாட்டிலில் இருப்பதே பெரும்பாலும் தண்ணீர் சேர்த்ததுதான். 2017-இல் ஸ்வீடனில் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் கணினி மாதிரி வைத்து ஆராய்ந்து, புகை வாசனை தருகிற குவையகால் என்ற மூலக்கூறு ஆல்கஹால் பலம் குறையும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது, பலம் மிக அதிகமாக இருந்தால் உள்ளே ஆல்கஹாலோடு ஒட்டிக்கொள்கிறது என்று காட்டினார்கள். ஆர்ட்பெக் மாதிரி புகை மால்டில் சில சொட்டுத் தண்ணீர் விட்டதும் வாசனை திறந்துகொள்வதை நீங்களே பார்க்கலாம்.

அப்புறம் கிளாஸ். இரண்டுக்கும் ஒரே வகை, ஒரே அளவு. வாய் குறுகிய கிளென்கேர்ன் இருந்தால் நல்லது, இல்லையென்றால் சிறிய ஒயின் கிளாஸ் போதும், அகலமான டம்ளர் மட்டும் வேண்டாம். கிளாஸைத் துடைத்த துணியின் சோப்பு வாசனை ஒட்டியிருக்கிறதா என்று காலி கிளாஸை ஒருமுறை முகர்ந்துவிடுங்கள், இதை யாரும் செய்வதில்லை. முகரும்போது வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டால் ஆல்கஹால் மூக்கில் ஏறாது. மூக்கு மரத்துப்போனால் உங்கள் சட்டைக் கையை முகர்ந்து பாருங்கள், மறுபடி தெளிவாகிவிடும். ஒரு சுற்றில் 10 வருடத்தை முதலில், ஊகடாலைப் பிறகு; அடுத்த சுற்றில் வரிசையை மாற்றுங்கள், ஏனென்றால் முதலில் குடித்தது இரண்டாவதின் ருசியை எப்போதும் கொஞ்சம் திருப்பிவிடும். குறிப்பெழுதும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் 'உலர்திராட்சை' என்று சொல்லிவிட்டால் மேஜையில் எல்லோருக்கும் உலர்திராட்சைதான் வரும்.

விவாதம் முடிய வேண்டும் என்றால் கடைசியாக ஒன்று செய்யுங்கள். குடிக்காத ஒருவர் மூன்று கிளாஸ் ஊற்றட்டும், இரண்டில் ஒரே மால்ட், மூன்றாவதில் மற்றது, அடியில் அடையாளம். எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும், அதனால் ஒருமுறை ஜெயித்தால் போதாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆர்ட்பெக் ஜோடியில் ஷெர்ரி பெரும்பாலானோருக்குப் பிடிபடும். ஒரே மால்டின் இரண்டு பேட்சை (வெவ்வேறு சமயத்தில் அடைத்த தொகுதிகளை) வைத்து இதைச் செய்யும்போதுதான் கஷ்டம் தெரியும். துப்புவதற்கு ஒரு கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கிளாஸுக்கு மேல் போனால் நாக்கு வேலை செய்யாது, அதற்கு மேல் எழுதுகிற குறிப்பை நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: அடர்ந்த நிறம், கூடுதல் வயது இரண்டும் இருந்தால் நல்ல மால்ட் என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: நிறத்தை விட்டுவிடுங்கள். சாதாரண கேரமல் நிறமூட்டி சேர்க்க ஸ்காட்ச் விதிகள் அனுமதிக்கின்றன, நிறைய நிறுவனங்கள் சேர்க்கின்றன. ஜெர்மனியில் விற்கிற பாட்டிலில் அதைச் சொல்லியாக வேண்டும் என்பதால் அந்த லேபிளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வயதைப் பொறுத்தவரை, லேபிளில் உள்ள எண் உள்ளே இருப்பதில் மிகவும் இளையதன் வயது. லகவூலின் 8 வருடத்தை 16 வருடத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 8 வருடம் 48 சதவீதம், கூர்மையான சாம்பலும் எலுமிச்சையும். 16 வருடம் 43 சதவீதம், புகை மரத்தோடு கலந்து உருண்டையாகிவிட்டது. இளையதில்தான் லகவூலினின் ஸ்பிரிட், அதாவது பீப்பாய்க்குள் போகும் முன் வடித்தெடுத்தது, எப்படிப்பட்டது என்று தெரிகிறது. சில நாள் எனக்கு அதுதான் வேண்டும்.

கேள்வி: கடையில் 'கல் ஈலா' என்று போட்டு வேறு ஏதோ கம்பெனியின் லேபிளில் பாட்டில்கள் இருக்கின்றன. சில பாட்டிலில் வடிசாலையின் பெயரே இல்லை, எண் மட்டும் இருக்கிறது. இவற்றை வடிசாலையின் சொந்தப் பாட்டிலோடு ஒப்பிடலாமா?

பதில்: கண்டிப்பாக ஒப்பிடலாம், என்னைக் கேட்டால் மால்ட் பற்றிக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. வடிசாலைகளிலிருந்து பீப்பாயாக வாங்கித் தங்கள் பெயரில் அடைக்கிற கம்பெனிகள் அவை. கேடன்ஹெட்ஸ் 1842-இலிருந்து இருக்கிறது. எல்ஜின் நகரத்து கார்டன் அண்ட் மக்ஃபெயில் 1895-இல் மளிகைக் கடையாக ஆரம்பித்தது, சிக்னேட்டரி 1988-இல் வந்தது. எண் போட்ட பாட்டில் என்றால் பெரும்பாலும் 1983-இல் எடின்பரோவில் தொடங்கிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டியுடையதாக இருக்கும். அவர்களுடைய எண்ணில் புள்ளிக்கு முன்னால் இருப்பது வடிசாலை, பின்னால் இருப்பது அந்த வடிசாலையிலிருந்து அவர்கள் அடைத்த எத்தனையாவது பீப்பாய் என்பது. 53 என்றால் கல் ஈலா, 33 என்றால் ஆர்ட்பெக், 29 என்றால் லஃப்ராய்க்.

வடிசாலை தன் 12 வருடத்தை அடைக்கும்போது ஏராளமான பீப்பாய்களைச் சேர்த்து, போன வருடம் குடித்தவருக்கு இந்த வருடமும் அதே ருசி வரும்படி சமன் செய்கிறது. தனிக் கம்பெனி பெரும்பாலும் ஒரே பீப்பாயை அப்படியே அடைக்கும். சமையலில் கூட்டுக்குழம்பையும் அதில் போட்ட ஒரே ஒரு காயையும் தனித்தனியாக ருசிப்பது மாதிரி. அதனால் ஒரு தனிப் பீப்பாய் பாட்டில் மோசமாக இருந்தால் கல் ஈலா மோசம் என்று எழுதாதீர்கள். அந்தப் பீப்பாயைப் பற்றி எழுதுங்கள். லேபிளில் பீப்பாயின் வகை பாருங்கள்: பூர்பன் பேரல் ஏறக்குறைய 200 லிட்டர், ஹாக்ஸ்ஹெட் 250, ஷெர்ரி பட் 500. சிறியதில் மரத்தோடு உரசல் அதிகம். ஏற்கனவே பல தடவை ஸ்காட்ச் வைத்து எடுத்த பீப்பாய் என்றால் மரம் அடங்கி இருக்கும், வடிசாலையின் குணம் வெளியே தெரியும். கல் ஈலாவை நான் எப்போதும் அப்படிப்பட்ட பழைய ஹாக்ஸ்ஹெட்டில்தான் தேடுவேன், வெளிர் வைக்கோல் நிறத்தில், 12 வருடத்துக்குப் பக்கத்தில்.

ஒரு வருத்தமான செய்தி. கார்டன் அண்ட் மக்ஃபெயில் 2024-இலிருந்து மற்ற வடிசாலைகளின் ஸ்பிரிட்டைப் புதிதாகப் பீப்பாயில் நிரப்பப் போவதில்லை என்று 2023-இல் அறிவித்துவிட்டது. கிடங்கில் இருக்கிற சரக்கு இன்னும் பல வருடம் வரும். ஆனால் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஒரு வேலை நிற்கிறது என்பதை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்குப் போகிறோம். காரில் சுற்றிக்கொண்டே வடிசாலைகளில் ருசி பார்க்க முடியுமா?

பதில்: ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து அளவு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால், இங்கிலாந்தைவிடக் கடுமை. பல வடிசாலைகளில் ஓட்டுகிறவருடைய பங்கைச் சிறு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள். அதைவிட நல்லது, தீவில் உள்ள போர்ட் எலன் ஊரிலிருந்து லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் மூன்றையும் இணைக்கிற நடைபாதை இருக்கிறது, நடந்தே போகலாம். கிடங்குக்குள் நடக்கிற ருசி பார்த்தல் இருந்தால் அதற்கு முன்பதிவு செய்யுங்கள், பீப்பாயிலிருந்து நேரே எடுத்ததைக் குடித்துப் பார்க்கிற வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

கேள்வி: அபெர்லவர் அபூனா மால்டின் பழைய பேட்ச் ஒன்று பாதி பாட்டில் இருக்கிறது, திறந்து ரொம்ப நாளாயிற்று. புதிய பேட்ச் வாங்கி ஒப்பிட்டால் பழையது மென்மையாக இருக்கிறது. பழைய பேட்ச்தான் உசத்தி என்று சொல்லலாமா?

பதில்: இப்போதைக்கு சொல்ல முடியாது. அபூனா ஒவ்வொரு பேட்சும் வேறு, பலம்கூட மாறும், லேபிளில் பேட்ச் எண்ணும் சதவீதமும் இருக்கும். வயது போட்டிருக்காது. ஆனால் நீங்கள் ஒப்பிட்டது இரண்டு பேட்சை அல்ல, காற்றுப்பட்ட பாட்டிலையும் புதிதாகத் திறந்ததையும். பாதி காலியான பாட்டிலில் முதலில் கூர்மை குறைந்து நன்றாகவே இருக்கும், அப்புறம் பழ வாசனையும் மெல்லப் போகும். புதிய பாட்டிலும் அதே அளவு இறங்கி, சில மாதம் ஆகட்டும், அப்போது மறுபடி பாருங்கள். அது வரை பழையதைக் கழுத்துவரை நிரம்புகிற சின்ன பாட்டிலுக்கு மாற்றி, வெயில் படாமல், நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் அந்தப் பலத்தில் கார்க் கெட்டுவிடும். அடுத்த முறை புதிய பேட்ச் திறக்கும் அன்றே 100 மில்லி தனியாக எடுத்து, விளிம்பு வரை நிரப்பி மூடி, பேட்ச் எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.